துரைசானி கேட்ட மன்னிப்பு

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வெள்ளைக்காரத் துரையைத் தெரியும் என்று அப்பா சொல்லிக்கொள்வார். அந்தத் துரை செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்ததால், அவருக்கு எங்களைத் தெரியுமா என்று யாரும் போய்க் கேட்க வழியில்லை. அப்பாவுக்கு அது ஒரு வசதி.

அப்பா செங்கல்பட்டு ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரே பத்திரம் எழுதுகிறவர். எந்த நிலம் எந்தப் பாட்டனிடமிருந்து எந்தப் பேரனுக்கு வந்தது என்று ஊரார் வம்சத்தை எல்லாம் எழுதி எழுதி, தனக்கும் அப்படி ஒரு வம்சம் வேண்டும் என்ற ஆசை அவருக்குத் தலைக்கு ஏறியிருந்தது. கிடைத்தது இந்தத் துரைதான். துரையின் அண்ணன் கடலுக்கு அப்பால், தென்னமெரிக்காக் கரையில், டெமராரா என்ற சீமையில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தாராம். எங்கள் பக்கத்து வாயில் அது டமரா. தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று தம்பித் துரை இங்கே வந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் பங்களா கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு ஆள் பிடித்துக் கொடுத்த மேஸ்திரி, அப்பாவின் தாத்தாவுக்கு அப்பா. ஆள் பிடித்தார் என்பது நான் சொல்வது. "வேலை வாங்கிக் குடுத்தாரு" என்பது அப்பா சொல்வது.

"அந்தக் காலத்துலயே நம்ப வூடு தான் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் அப்போது பி.யூ.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, நிஜமான எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேலை வாங்கிக் கொடுக்க எந்த மேஸ்திரியும் வரவில்லை.

துரை இருந்ததற்கு எங்களிடம் இருந்த சாட்சி, அந்தக் கடலோரச் சவுக்குத் தோப்பு. துரை மனமுவந்து மேஸ்திரிக்குக் கொடுத்தது என்பார் அப்பா. அதற்குள்ளேதான் துரையின் சமாதி. தெற்கே சதுரங்கப்பட்டினம் போனால் டச்சுக்காரர்களின் சமாதிகளைப் பார்க்கலாம். மண்டையோடு, பூங்கொடி எல்லாம் செதுக்கி லட்சணமாக இருக்கும். எங்கள் துரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெறும் செங்கல் மேடு, காரை உதிர்ந்து போயிருக்கும். மேல் கல் பட்டணத்திலிருந்து வருவதாக இருந்ததாம், அதற்குள் பணம் கொடுக்கிறவர்கள் கப்பலேறிவிட்டார்களாம். தோப்பை ஒட்டிய மீனவர் குப்பத்துக்காரர்கள் அந்த மேட்டின்மேல் வலையைக் காயப்போடுவார்கள். அப்பா போகிற நாளில் மட்டும் எடுத்துவிடுவார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தோப்பை மனை போட்டு விற்கச் சொல்லித் தரகர்கள் வந்தார்கள். துரையைத் தூக்கிப் போட முடியாது என்று அப்பா மறுத்துவிட்டார்.

அப்படிப்பட்ட வீட்டு வாசலில் ஒரு வெயில் காலத்துப் பகலில் அம்பாஸடர் டாக்சி வந்து நின்று, அதிலிருந்து துரையின் வம்சத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் இறங்கினால் என்ன ஆகும்? அப்பா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கான்வாஸ் ஷூ, வெளுத்த பருத்தி கவுன், வெயிலில் சிவந்த முகம். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் குடும்பத்தின் சரித்திரத்தை எழுதுகிறாராம். மாமல்லபுரத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, பழைய சமாதி எங்கே என்று விசாரித்திருக்கிறார். லாட்ஜ்காரர் ஒரு காலத்தில் அப்பாவிடம் பத்திரம் எழுதிக்கொண்டவர். பத்திரத்தோடு துரை கதையையும் இலவசமாக வாங்கிப் போயிருந்தவர், அதை இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டார். தெருவில் எல்லோரும் அந்த அம்மாளைத் துரைசானி என்றார்கள். எங்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற நம்பிக்கையில் என்னை நடுவில் உட்கார வைத்தார் அப்பா.

துரைசானி துணி ஒட்டிய ஒரு பெரிய காகிதச் சுருளைக் கூடத்தில் விரித்தார். அது அவர் கையால் வரைந்த வம்ச விருட்சம். சுருண்டு சுருண்டு போனதால் அம்மா நான்கு காபி டம்ளரை நான்கு மூலையிலும் வைத்தாள். ஒவ்வொருவரும் எப்போது பிறந்தார், யாரைக் கட்டினார், எந்த ஊரில், என்ன நோயில் செத்தார் என்று எல்லாம் இருந்தது. தொட்டிலில் செத்த குழந்தைக்குக்கூடத் தனிக் கட்டம். எங்கள் தம்பித் துரைக்கு இங்கே வாந்திபேதி.

பிறகு அவர் தன் குடும்பக் கதையைச் சொன்னார். அதைப் பூசி மெழுகவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். டமராவில் தன் முப்பாட்டனாரான அண்ணன் துரை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மனிதர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தார், அடித்தார், விற்றார், பிள்ளை வேறு தாய் வேறாகப் பிரித்தார் என்றார். ஒருநாள் சட்டம் வந்து எல்லோருக்கும் விடுதலை. அப்போது சர்க்கார் நஷ்டஈடு கொடுத்ததாம். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா அங்கே நிறுத்தினாள்.

"யாருக்கு? அந்த ஆளுங்களுக்கா?"

"இல்லம்மா. அவங்கள வெச்சிருந்தவங்களுக்கு."

"அடிச்சி அடிச்சிக் கை வலிச்சிருக்கும், பாவம்" என்றாள் அம்மா. அதை இங்கிலீஷில் சொல்ல என் பி.யூ.சி. போதவில்லை.

விடுதலையானவர்கள் பழையபடி கரும்பு வெட்ட வரமாட்டேன் என்றுவிட்டார்கள். தோட்டம் காய்ந்தது. அதனால்தான் தம்பியை இந்தப் பக்கம் அனுப்பினார்கள் என்று முடித்து, துரைசானி அப்பாவைப் பார்த்துக் கேட்டார், உங்கள் முன்னோர் அதில் என்னவாக இருந்தார் என்று.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கப்பல் வரைக்கும் சனங்களோட கூடவே இருந்தாருன்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவரும் அந்த ஜனங்களில் ஒருவர் என்று எடுத்துக்கொண்ட துரைசானியின் கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்து நின்றார். கை கூப்பினார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் போல, தடுமாறாமல் சொன்னார். என் குடும்பம் உங்கள் ஜனங்களுக்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டது, அவர்கள் சார்பில் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் தமிழில் சொல்லி முடித்தபோது, அப்பா நிஜமாகவே உருகிப்போயிருந்தார். நடிப்பு இல்லை, அதுதான் விசேஷம். ஆள் பிடித்தவரின் வாரிசு, ஆள் வாங்கியவரின் வாரிசை இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிற தோரணையில் நின்றார்.

"போனது போவட்டும். மனசுல ஒண்ணும் வெச்சிக்க வேணாம். எங்க குடும்பம் மன்னிச்சிடுச்சின்னு சொல்லும்மா."

சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மா வந்து டம்ளர்களை எடுத்தாள். வம்ச விருட்சம் தானாகச் சுருண்டுகொண்டது.

மறுநாள் காலையில் துரைசானி டாக்சியோடு வந்ததும் சமாதியைப் பார்க்கப் போனோம். அப்பா ஜரிகை வேட்டி கட்டி முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை, மலையில் கழுகுக்குச் சோறு வைப்பதைப் பற்றித் துரைசானிக்கு என் மூலமாகப் பாடம் எடுத்தார். மன்னித்துவிட்ட பிறகு மனிதருக்குத் தாராளம் வந்துவிடுகிறது.

டாக்சி டிரைவர் அந்தக் குப்பத்துக்காரர். அதனால் சேதி எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. செங்கல் மேட்டில் வலை இல்லை, கூட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு பெண், மீன் விற்கிற அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரை எனக்குத் தெரியும். திருக்கழுக்குன்றம் சந்தைக்கு மீன் கொண்டு வருகிறவர், நாங்கள் தோப்புக்குப் போகும்போதெல்லாம் அம்மாவுக்குக் கொடுவா மீன் தலை எடுத்து வைக்கிற அக்கா.

துரைசானி மேட்டின் முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார். அவர் நிமிரும் வரை அக்கா பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு எழுந்து என்னிடம் வந்தார்.

"பாப்பா, இவங்க டமராக்காரங்க வூட்டுப் பொண்ணுன்னு சொல்றாங்களே, மெய்யா?"

மெய்தான் என்றேன்.

"அப்ப ஒண்ணு கேட்டுச் சொல்லு. எங்க பாட்டிக்குப் பாட்டி கைக்கொழந்தையா இருந்தப்போ, அவங்க அப்பன் பெரும்புயல்ல கட்டுமரம் ஒடஞ்சி பூட்டுதுன்னு டமராவுக்குப் போனாரு. ராமேஸ்வரம் தாண்டி ஒரு தீவு, ரெண்டு அம்மாவாசைக்குள்ள திரும்பிடலாம்னு சொல்லி இட்டுகினு போனாங்க. அவரு இன்னா ஆனாரு?"

அப்பா தோப்பின் மரங்களை எண்ணுகிறவர்போல் மேலே பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். துரைசானி, யார் அப்படிச் சொல்லி அழைத்துப் போனார்கள் என்று கேட்டார். அக்கா அதில் எந்தக் கோபமும் இல்லாமல், பஸ் எங்கே நிற்கும் என்று காட்டுகிற மாதிரி, அப்பாவைக் கையால் காட்டினார்.

"இவங்க ஆளு தான். மேஸ்திரி."

அதையும் நான் சொன்னேன். துரைசானி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. முந்தின நாள் கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வது எப்படி என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு அக்காவைப் பார்த்து அவர் சொன்னதன் சுருக்கம் இது. கூலிக்கு வந்தவர்களைப் பற்றித் தன்னிடம் எந்தக் குறிப்பும் இல்லை. ஊருக்குப் போனதும் தேடிப் பார்ப்பார். கிடைக்க ஒரு வருஷம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம்.

"ஒரு வருசமா?" என்றார் அக்கா. "எம் பொண்ணுக்கு இது ஏழாம் மாசம் பாப்பா. மின்ன ரெண்டு தங்கல. வூட்ல ஒரு சாவு முடியாம கீதுன்னு கோடாங்கி சொல்றான். எனக்கும் தெரியும், அது அவரு சாவு தான். போனவரு செத்தாருன்னு யாரும் வந்து சொல்லல. சொல்லாம எப்டித் தலைக்கு ஊத்திக்கினு முழுவுறது? அவரு பொஞ்சாதி சாவுற வரைக்கும் தாலியோட தான் இருந்தாங்க. இன்னிக்கும் எங்க வூட்ல படையல்னா அவரைச் சேக்கறதில்ல, வர வேண்டியவருன்னு ஒரு சட்டில தனியாக் கொழம்பு எடுத்து வெக்கிறோம். எங்கம்மா வெச்சாங்க, நான் வெக்கிறேன். எம் பொண்ணும் வெக்கணுமா?"

துரைசானிக்கு நான் வழக்கத்தை விளக்க வேண்டியிருந்தது. உறவில் ஒருவர் செத்தார் என்று எப்போது கேள்விப்பட்டாலும், எத்தனை காலம் கழித்துக் கேள்விப்பட்டாலும், கேட்ட இடத்திலேயே தலையோடு முழுக வேண்டும். அதோடு தீட்டு கழியும், செத்தவர் செத்தவராவார். சேதி வராவிட்டால் முழுக்கும் இல்லை, சாவும் இல்லை. எனக்கு அப்போது கோடாங்கியிலும் நம்பிக்கை இல்லை, தீட்டிலும் இல்லை. ஆனால் ஒரு சட்டிக் குழம்பு நூறு வருஷத்துக்கு மேல் காத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அத்தினி வருசம் ஆச்சி. அவரு உயிரோட எப்டி இருப்பாரு?" என்றேன், படித்த பெண் அல்லவா.

"அது எனக்குத் தெரியாதா? எப்போ, எங்கேன்னு நான் கேக்கல. செத்தாருன்னு ஒரு வார்த்த இவங்க வாயால சொல்லட்டும். அவ்ளோ தான்."

அப்பாவுக்கு இதை நீளவிட மனமில்லை. "நான் சொல்றேன். செத்துட்டாரு. போம்மா, போய்ப் பொழைப்பப் பாரு."

"நீங்க சொன்னா ஆவாது மேஸ்திரி" என்றார் அக்கா, மரியாதையாகத்தான். குப்பத்தில் அப்பாவுக்கும் அந்தப் பட்டம்தான். "நீங்க ஏத்தி வுட்டவங்க. கப்பல் போனதும் உங்க வேலை முடிஞ்சி பூட்டுது. எறக்கினவங்களுக்குத் தான் சாவு தெரியும்."

அப்பாவின் முகம் சுருங்கியது. பரம்பரையாக நாங்கள் சொல்லிவந்த பெருமையை இவ்வளவு கச்சிதமாக யாரும் அளந்து கொடுத்ததில்லை.

துரைசானி தவித்தார். அவரைக் கேலி பண்ண எனக்கு இப்போதும் வாய் வருகிறது, ஆனால் அவர் தவித்தது உண்மை. மொத்தமாக அவ்வளவு பெரிய ஜனத்திடம் மன்னிப்புக் கேட்க அவருக்குக் கஷ்டமில்லை. ஒற்றை ஆளைப் பற்றி ஒற்றை வார்த்தை சொல்லத்தான் ஆதாரம் தேவைப்பட்டது. ஆதாரமில்லாமல் ஒருவரின் சாவை எப்படிச் சொல்வேன், அவர் எங்கள் தோட்டத்துக்குத்தான் வந்தார் என்றே எனக்குத் தெரியாதே என்றார்.

இதை நான் தமிழில் சொன்னதும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தெரியாதாவது. எங்க மேஸ்திரி வேற எவனுக்கு ஆள் அனுப்புனாரு? ஏத்துன ஆளு மொத்தமும் இவங்க தோட்டத்துக்குத் தான். வேற ஒரு துரை மொகத்தையும் ஏறெடுத்துப் பாக்காதவருன்னு சொல்லு."

சொன்னேன். அப்பா தன் வம்சத்தின் விசுவாசத்தை நிரூபித்துவிட்ட திருப்தியில் துண்டை உதறித் தோளில் போட்டார். துரைசானிக்கு அதற்கு மேல் தப்பிக்க இடமில்லாமல் போயிற்று.

அவர் என்னிடம், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

"அவர் எங்க தோட்டத்துல செத்துட்டார்."

அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கொண்டையை அவிழ்த்தார். அவர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, பார்க்காத ஆளுக்கு யார் அழுவார்கள்? மார்பில் ஒரு கை வைத்து, "அப்பா, இத்தினி நாளா அலைஞ்சிகினு இருந்தியே" என்று ஒரே ஒரு தரம் குரலெடுத்தார். நான் அழுதேன். வெட்கமாக இருந்தது, இருந்தும் அழுதேன்.

அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு அவர் நேராகக் கடலுக்கு நடந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று தரம் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். கரையில் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னா அவங்க நின்னுகினு கீறாங்க? அவங்க எடத்துல தானே செத்தாரு. அவங்களையும் வரச் சொல்லு பாப்பா" என்றார்.

நான் சொன்னதும் துரைசானி ஷூவைக் கழற்றினார். கவுனோடு இறங்கினார். அக்கா அவர் தலையைப் பிடித்துக் குனியவைத்து, குழந்தைக்கு ஊற்றுகிற பக்குவத்தில் அன்னக்கூடையால் கடலை மொண்டு ஊற்றினார். கூடையில் ஒட்டியிருந்த செதிலெல்லாம் அந்த வெள்ளை முடியில் ஒட்டிக்கொண்டது. டாக்சி டிரைவர் சீட் நனையுமே என்று கவலைப்பட்டு எங்கிருந்தோ ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்தார். அப்பா தோப்பின் ஓரத்தில், ஈரமணலுக்கு இந்தப் பக்கமாகவே நின்றுகொண்டார். அவர் வேட்டியின் ஜரிகைகூட நனையவில்லை.

அக்காவின் பெண்ணுக்குப் பிறகு பெண் குழந்தை பிறந்தது. அது முழுகியதாலா, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் வாரா வாரம் போய்ப் போட்டுக்கொண்ட ஊசியாலா என்ற கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பக்கமும் அடிக்க வருவார்கள்.

துரைசானியை மாமல்லபுரத்தில் லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டோம். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அப்பாவுக்குக் கை கூப்பினார், ஆனால் முந்தின நாள் கூப்பிய மாதிரி இல்லை. வழியெல்லாம் அப்பா, இந்தக் குப்பத்து ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சடங்கு என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். டிரைவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் என்ன ஆயிற்று என்று கேட்டாள். நடந்ததை நின்றபடியே சொன்னேன். மேஸ்திரி சொன்னால் ஆகாது என்று அக்கா சொன்னதையும் விடவில்லை. அதற்குள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தார். அம்மா நிலைப்படியில் குறுக்கே கையை வைத்தாள்.

"சாவு சேதி கேட்டுட்டு வந்திருக்கீங்க. முழுவாம உள்ள வராதீங்க."

"எனக்கு இன்னாத்துக்கு? அவங்க வூட்டு சாவு அது. எனக்கு அந்த ஆளு இன்னா ஒறவு?"

"நேத்து அந்த ஆளுக்காக மன்னிச்சி வுட்டீங்களே" என்றாள் அம்மா. "இன்னா ஒறவுன்னு மன்னிச்சீங்க?"

தெருவில் இரண்டு பேர் நின்று பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். உறவு இல்லை என்றால் மன்னித்தது போய்விடும், உண்டு என்றால் முழுக வேண்டும். ஊருக்கெல்லாம் ஓட்டையில்லாமல் பத்திரம் எழுதுகிற மனிதருக்கு அதில் ஒரு ஓட்டை கிடைக்கவில்லை. அப்பா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் கிணற்றடிக்குப் போனார். அம்மாவும் பின்னாலேயே போய், தானே ஒரு வாளி இறைத்து அவர் முன்னால் வைத்தாள்.

அப்பா முதல் சொம்பைக் காலில் ஊற்றிக்கொண்டார். இரண்டாவதைத் தோளில் ஊற்றினார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"தலைக்கு" என்றாள் அம்மா.